சொந்தப் பெயரில் விளையாடு! - இணைய விளையாட்டில் உண்மைப் பெயர் கேட்ட கதை

2010ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் என்ற கணினி விளையாட்டு நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதன் விளையாட்டுகளைப் பற்றி ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் அதிகாரபூர்வ விவாதக் களங்களில் இனி யாரும் புனைபெயரில் மட்டும் எழுத முடியாது. முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் எல்லோர் கண்ணிலும் படும். அறிவிப்பின் சாரம் இதுதான். மூன்றே நாளில், ஜூலை 9 அன்று, நிறுவனம் அந்த முடிவைக் கைவிட்டது.

நடைமுறைக்கே வராமல் மூன்று நாளில் செத்துப்போன ஒரு விதிக்கு வரலாறு எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அது எழுப்பிய கேள்வி பெரியது. ஒருவர் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டுமானால், அவர் யார் என்று ஊருக்கே தெரிந்திருக்க வேண்டுமா? பிளிசார்ட் பின்வாங்கிவிட்டதால் அங்கே அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் தென்கொரியா, பயனரை உண்மைப் பெயரோடு சரிபார்க்கும் ஏற்பாட்டைச் சட்டமாகவே போட்டு ஐந்து ஆண்டுகள் நடத்திப் பார்த்தது. இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்தால் விடை ஓரளவு தெளிவாகும்.

பெயர் வைப்பதும் விளையாட்டே

கணினி விளையாட்டில் வேறு பெயர் வைத்துக்கொள்வது புதிய பழக்கமல்ல. 1979இல் வந்த ஆஸ்டிராய்ட்ஸ் என்ற நாணயம் போட்டு ஆடும் விளையாட்டில், அதிகப் புள்ளி எடுத்தவர் மூன்று எழுத்துகளைப் பதிந்துவிட்டுப் போகலாம். அந்த மூன்று எழுத்து யாருடையது என்பது அந்தக் கடைக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு மட்டும் தெரியும். தெருவில் போகிறவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த மூன்று எழுத்துக்கு அந்தக் கடையில் ஒரு மதிப்பு உண்டு.

அதற்குச் சற்று முன்பே, 1978இல், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் 'மட்' என்ற விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். படம் கிடையாது, எழுத்து மட்டுமே. பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகுக்குள் நுழைந்து நடமாடலாம். நுழைகிறவர் தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வார். அந்தப் பெயரிலேயே சண்டை போட்டு, புள்ளி சேர்த்து, மந்திரவாதி நிலைக்கு உயர்வார். பின்னாளில் வந்த அல்டிமா ஆன்லைன் (1997), எவர்குவெஸ்ட் (1999), வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (2004) போன்றவை எல்லாம் இந்த விளையாட்டின் பேரப்பிள்ளைகள்தான்.

இந்த உலகங்களில் ஒருவர் பல ஆண்டுகள் ஒரே பாத்திரத்தை வளர்ப்பார். அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொன்னால் போதும், அவர் நல்ல குழுத் தலைவரா, பங்கு பிரிக்கும்போது ஏமாற்றுகிறவரா என்று கூட ஆடுகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அவர் வீட்டுப் பெயர் தெரியாது. ஆனால் அவர் யார் என்பது ஒரு வகையில் நன்றாகவே தெரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது நல்லது. தமிழில் இதற்கு இரண்டு நல்ல சொற்கள் உள்ளன. ஒன்று மொட்டைக் கடிதம். மற்றொன்று புனைபெயர். மொட்டைக் கடிதத்தில் பெயரே இருக்காது. எழுதியவர் எழுதிவிட்டு மறைந்துபோவார், நாளை அவரைக் கேள்வி கேட்க முடியாது. புனைபெயர் அப்படியல்ல. ரா. கிருஷ்ணமூர்த்தி 'கல்கி' என்றும், சொ. விருத்தாசலம் 'புதுமைப்பித்தன்' என்றும் எழுதினார்கள். பாராட்டும் கண்டனமும் அந்தப் பெயர்களைத் தேடித்தான் வந்தன. பெற்றோர் வைத்த பெயர் இல்லை என்பதால் அந்தப் பெயர்களுக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடவில்லை. இணைய விளையாட்டின் பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. உண்மைப் பெயர் கேட்டவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார்கள்.

பிளிசார்டுக்கு ஏன் இந்த யோசனை வந்தது?

பிளிசார்டின் குறையும் பொய்யல்ல. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு அப்போது உலகம் முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதன் விவாதக் களங்களில் வசைபாடலும் வீண் சண்டையும் சாதாரணமாகிவிட்டன. புதிதாக வந்த ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டால், பதிலுக்குப் பதிலாகக் கேலிதான் கிடைக்கும் என்ற பெயர் பரவியிருந்தது. முகமூடி இருப்பதால்தான் இப்படிப் பேசுகிறார்கள், அதைக் கழற்றினால் மரியாதை தானாக வரும் என்பது நிறுவனத்தின் வாதம்.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் படிப்பும் இருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், நேரில் பேசத் தயங்குவதை இணையத்தில் மனிதர்கள் கூசாமல் பேசுவது ஏன் என்று ஆராய்ந்திருந்தார். பெயர் மறைந்திருப்பதை அவர் ஒரு காரணமாகச் சொன்னார். ஆனால் அது அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுதான். எதிரில் இருப்பவர் முகம் தெரியாதது, பதில் உடனே வராதது, அதிகாரம் செய்கிறவர் யாரும் பக்கத்தில் இல்லாதது போன்ற மற்றவையும் பட்டியலில் இருந்தன. பெயரை மட்டும் வெளியே காட்டினால் இந்த மற்றக் காரணங்கள் அப்படியே நிற்கும்.

வியாபாரக் காரணமும் இல்லாமல் இல்லை. 2010 என்பது பேஸ்புக் எங்கும் பரவிக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டு மே மாதம் பிளிசார்ட் தன் பேட்டில்.நெட் சேவையை பேஸ்புக்கோடு இணைக்கப் போவதாக அறிவித்தது. ஜூன் மாதம் 'ரியல் ஐடி' என்ற வசதியைக் கொண்டுவந்தது. மின்னஞ்சல் முகவரியைப் பகிர்ந்துகொண்டு நண்பர்களாகும் இருவர், எந்த விளையாட்டில் இருந்தாலும் ஒருவரோடு ஒருவர் பேசலாம். அப்போது ஒருவருடைய உண்மைப் பெயர் மற்றவருக்குத் தெரியும். நண்பரின் நண்பருக்கும் அது தெரியக்கூடும். ஆனால் இது விருப்பமுள்ளவர்கள் மட்டும் பயன்படுத்தும் வசதியாக இருந்தது. வேண்டாதவர் விலகியிருக்கலாம்.

ஜூலை 6 அறிவிப்பு அந்தக் கோட்டைத் தாண்டியது. ஜூலை 27 அன்று வெளிவர இருந்த ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டின் களத்தில் முதலில் தொடங்கி, பிறகு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் களங்களுக்கும் உண்மைப் பெயர் விதியைக் கொண்டுவருவது திட்டம். பழைய பதிவுகளில் பெயர் மாறாது. எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவருக்கும் பிரச்சினை இல்லை. எழுத வேண்டுமென்றால் பெயரைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த மூன்று நாட்கள்

அறிவிப்பு வந்ததும் எதிர்ப்பு வெள்ளமாக வந்தது. அந்த ஒரு திரியில் மட்டும் ஆயிரக்கணக்கான பதில்கள் குவிந்தன. சந்தாவை ரத்து செய்துவிட்டதாகப் பலர் அறிவித்தார்கள்.

அப்போது நடந்த ஒரு சம்பவம் விவாதத்தின் போக்கையே தீர்மானித்தது. களத்தைக் கவனித்துவந்த நிறுவன ஊழியர் ஒருவர், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகத் தன் உண்மைப் பெயரை அங்கேயே எழுதினார். அவருடைய எண்ணம் நல்லதுதான். ஆனால் கொஞ்ச நேரத்துக்குள் அவருடைய தொலைபேசி எண், வீட்டு முகவரி, குடும்பத்தார் பற்றிய விவரங்கள் என்று சொல்லிப் பலவற்றை ஆட்டக்காரர்கள் தேடியெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். யாரும் கணினிக்குள் புகுந்து திருடவில்லை. பெயரை வைத்துத் தேடுபொறியிலும் தொலைபேசி விவரத் தளங்களிலும் சமூக வலைத்தளங்களிலும் தேடியிருந்தார்கள், அவ்வளவுதான். பெயர் என்பது தனியாக ஒரு தகவல் இல்லை, மற்ற எல்லாத் தகவல்களையும் திறக்கும் சாவி என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

எதிர்த்தவர்கள் எல்லோரும் வசைபாடும் கூட்டம் அல்ல. அவர்கள் சொன்ன காரணங்களைப் பார்த்தால் இது புரியும்.

முதலில் பெண்கள். விளையாட்டில் ஆண் பாத்திரமாகவோ, ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரிலோ ஆடிய பெண்கள் பலர் உண்டு. பெண் என்று தெரிந்தால் ஆபாசப் பேச்சும் பின்தொடர்தலும் தொடங்கிவிடும் என்ற அனுபவம்தான் காரணம். உண்மைப் பெயர் வந்தால் அந்தப் பாதுகாப்பு ஒரே நாளில் போய்விடும். துன்புறுத்திய கணவரிடமிருந்தோ காதலரிடமிருந்தோ விலகி வாழ்கிறவருக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. திருநர் ஒருவருக்கு, அவருடைய ஆவணங்களில் இருக்கும் பெயரே அவர் மறக்க நினைக்கும் பெயராக இருக்கலாம்.

அடுத்தது வேலை. வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரி விண்ணப்பதாரரின் பெயரைத் தேடும்போது, நள்ளிரவு 2 மணிக்கு அரக்கனைக் கொல்லும் உத்தி பற்றி அவர் எழுதிய நீண்ட பதிவு முதலில் வந்து நின்றால்? அதில் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் விளையாட்டு என்றால் வெட்டிவேலை என்று நினைக்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் மாணவர்களும் இதைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டினார்கள்.

மூன்றாவது, பெயர்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு. அமெரிக்காவில் ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் உண்டு. அவர் உண்மைப் பெயரில் எழுதினாலும் கூட்டத்தில் மறைந்துகொள்வார். அபூர்வமான பெயர் கொண்ட ஒருவரையோ, வேற்று நாட்டிலிருந்து குடியேறியவரையோ முதல் தேடலிலேயே கண்டுபிடித்துவிடலாம். பெயரைப் பார்த்தவுடன் இனத்தையும் மதத்தையும் ஊகித்து வசைபாடவும் வழி பிறக்கும். அதாவது விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதன் சுமை எல்லோருக்கும் ஒன்றல்ல. இன்னொரு பக்கம், பொதுவான பெயர் கொண்ட ஒருவர் ஏதாவது எழுதிவிட்டால், அதே பெயரில் இருக்கும் சம்பந்தமில்லாத இன்னொருவர் வீட்டுத் தொலைபேசி மணியடிக்கவும் கூடும்.

ஜூலை 9 அன்று நிறுவனத்தின் இணை நிறுவனரும் தலைமை அதிகாரியுமான மைக் மோர்ஹைம் தம் பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆட்டக்காரர்களின் கருத்துகளைக் கேட்டோம், களத்தில் எழுத உண்மைப் பெயர் கட்டாயமில்லை என்று முடிவு செய்திருக்கிறோம் என்பது அதன் சாரம்.

இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான வால் உண்டு. விளையாட்டுகளுக்கு வயதுத் தரச்சான்று தரும் இ.எஸ்.ஆர்.பி. என்ற அமெரிக்க அமைப்புக்கு, இந்த விதி அந்தரங்கத்தைப் பாதிக்கிறது என்று பலர் புகார் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு அந்த அமைப்பு மொத்தமாக ஒரு பதில் மின்னஞ்சல் அனுப்பியது. அதில் புகார் கொடுத்த ஏறத்தாழ ஆயிரம் பேருடைய மின்னஞ்சல் முகவரிகளும் ஒருவருக்கொருவர் தெரியும்படி போய்விட்டன. பிறகு அந்த அமைப்பு மன்னிப்புக் கேட்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே, ஒரு கைத்தவறில் விவரங்கள் வெளியே போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

கொரியாவின் பதின்மூன்று இலக்கம்

பிளிசார்ட் செய்யாமல் விட்டதை எண்ணிப் பார்க்கத் தென்கொரியா உதவும். கொரியர்களுக்கு இணைய விளையாட்டு மேல் அப்படி ஓர் ஆர்வம். பிளிசார்டின் முதல் ஸ்டார்கிராஃப்ட் (1998) அங்கே தொலைக்காட்சியில் கிரிக்கெட் மாதிரி ஒளிபரப்பானது. அதே ஆண்டு வந்த என்சிசாஃப்ட் நிறுவனத்தின் லினியேஜ், லட்சக்கணக்கானோரை ஒரே உலகத்தில் சேர்த்தது.

அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் குடியிருப்புப் பதிவு எண் உண்டு. வடகொரியக் கமாண்டோக்கள் 1968 ஜனவரியில் அதிபர் மாளிகையைத் தாக்க வந்த சம்பவத்துக்குப் பிறகு, அதே ஆண்டில் கொண்டுவரப்பட்டது இது. 1975 முதல் 13 இலக்கம். பிறந்த தேதியும் பாலினமும் அந்த எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உளவாளிகளைப் பிடிப்பதற்காகப் பிறந்த எண், இணையம் வந்தபின் எல்லாத் தளங்களிலும் உறுப்பினராவதற்கான நுழைவுச் சீட்டாக மாறிவிட்டது. விளையாட்டில் சேர வேண்டுமா? பெயரையும் எண்ணையும் கொடு. இதனால் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் கொரிய விளையாட்டுத் தளங்களில் சேரவே முடியாமல் தவித்தார்கள்.

இதன் முதல் விளைவு 2006இல் தெரிந்தது. லினியேஜ் விளையாட்டில் தங்கள் பெயரிலும் எண்ணிலும் யாரோ கணக்குத் தொடங்கியிருப்பதை ஏராளமான கொரியர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த விளையாட்டை ஒரு நாளும் தொடாதவர்களும் அதில் உண்டு. விளையாட்டுக்குள் இருக்கும் வாளும் கவசமும் வெளியே நிஜப் பணத்துக்கு விலைபோனதால், அவற்றைச் சேர்த்து விற்கும் கும்பல்களுக்கு நிறையக் கணக்குகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் உண்மை மனிதர் வேண்டும் என்றது விதி. உண்மை மனிதர்களின் விவரங்களைத் திருடினார்கள். விதி இல்லாவிட்டால் பொய்ப் பெயரோடு போயிருக்க வேண்டியது, விதி இருந்ததால் அடுத்தவர் பெயரைத் திருடுவதாக மாறியது.

இதைப் பாடமாக எடுத்துக்கொள்வதற்குப் பதில் அரசு எதிர்த்திசையில் நடந்தது. 2004இல் தேர்தல் காலத்துக்கென ஏற்கெனவே உண்மைப் பெயர் விதி வந்திருந்தது. 2005இல் சோல் நகர ரயிலில் தன் நாய் செய்த அசுத்தத்தைச் சுத்தம் செய்யாத ஓர் இளம்பெண்ணின் படம் இணையத்தில் பரவி, நாடே அவரை விரட்டி விரட்டித் திட்டியது. அவதூறும் வசையும் கட்டுமீறிப் போகிறது என்ற கவலை வளர்ந்தது. 2007 ஜூலையில் இணைய உண்மைப் பெயர்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தினமும் லட்சக்கணக்கானோர் வந்துபோகும் பெரிய தளங்களில் கருத்து எழுத வேண்டுமானால், முதலில் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். திரையில் புனைபெயர் தெரியலாம், ஆனால் உண்மை விவரம் தளத்தின் கையில் இருக்கும். பிளிசார்ட் திட்டத்தைவிட இது மென்மையானது என்றுகூடச் சொல்லலாம்.

சட்டம் வந்த மறு ஆண்டு, 2008 அக்டோபரில், புகழ்பெற்ற நடிகை சோய் ஜின்-சில் தற்கொலை செய்துகொண்டார். அதற்கு முன் அவரைப் பற்றி இணையத்தில் வதந்திகள் சுற்றின. நாடு அதிர்ந்தது. சட்டம் இருக்கும்போதே இது நடந்தது என்பதை யோசிக்காமல், சட்டம் போதவில்லை என்ற முடிவுக்கு அரசு வந்தது. 2009இல் தினமும் 1 லட்சம் பேர் வரும் தளங்கள் வரை வலை விரிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் யூடியூப் வேறு வழியில் போனது. பயனர்களின் அடையாளத்தைச் சேகரிப்பதற்குப் பதிலாக, கொரியா என்று நாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் படம் ஏற்றுவதையும் கருத்து எழுதுவதையும் நிறுத்திவிட்டது. பயனர்கள் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து வழக்கம்போல எழுதினார்கள். சட்டம் உள்ளூர் நிறுவனங்களை மட்டுமே கட்டிப்போட்டது.

சேமித்து வைத்தது களவு போனது

2011 ஜூலையில் நேட் என்ற இணைய வாசலும் சைவேர்ல்ட் என்ற சமூக வலைத்தளமும் தாக்கப்பட்டன. இரண்டுமே எஸ்.கே. கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தின் தளங்கள். 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடுபோயின. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 5 கோடி. அதே ஆண்டு நவம்பரில் விளையாட்டு உலகின் முறை வந்தது. நெக்சான் நிறுவனத்தின் மேப்பிள் ஸ்டோரி என்ற விளையாட்டைச் சேர்ந்த 1.32 கோடி கணக்குகளின் விவரங்கள் களவுபோயின. மேப்பிள் ஸ்டோரி என்பது பொம்மை போன்ற பாத்திரங்கள் துள்ளித் திரியும் விளையாட்டு. சிறுவர்களும் பள்ளி மாணவர்களும் விரும்பி ஆடுவது.

கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். மின்னஞ்சல் முகவரியைக்கூட மாற்றலாம். ஆனால் குடியிருப்புப் பதிவு எண் பிறப்பிலிருந்து சாகும்வரை ஒன்றுதான். கசிவால் பாதிக்கப்பட்டவர்கள் எண்ணை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடு வந்தது 2017இல்தான். பத்து வயதில் பொம்மை விளையாட்டுக்காகக் கொடுத்த விவரம், ஒருவரை முப்பது வயதிலும் வங்கி மோசடியாக வந்து தொடலாம்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்ன? 2012 ஆகஸ்ட் 23 அன்று கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு விடை சொன்னது. சட்டம் செல்லாது என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சட்டம் வந்தபின் சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறைந்ததாகத் தெரியவில்லை. மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள். பேச நினைக்கிறவர்கள் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். சேர்த்துவைத்த விவரங்கள் கசியும் ஆபத்து வேறு. குற்றம் செய்தவரைப் பிடிக்க இணைய முகவரியைத் தொடர்வது போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. நீதிமன்றம் சொன்ன காரணங்கள் இவை. அதே மாதத்தில், குடியிருப்பு எண்ணை இணையத் தளங்கள் சேகரிப்பதையே பொதுவாகத் தடுக்கும் சட்டத் திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. தேர்தல் கால உண்மைப் பெயர் விதியையும் 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆனால் விளையாட்டுத் தளங்களில் சேரும்போது ஆட்டக்காரரின் அடையாளத்தையும் வயதையும் சரிபார்க்கும் விதியை அந்த நீதிமன்றம் 2015இல் ஏற்றுக்கொண்டது. சிறுவர்கள் அளவுமீறி விளையாடுவதைத் தடுப்பது நியாயமான நோக்கம் என்பது அதன் கருத்து. ஒருவரின் வயதைச் சரிபார்ப்பது ஒன்று, அவர் பேசுவதற்குப் பெயரைக் கேட்பது வேறொன்று. இரண்டையும் நீதிமன்றம் தனித்தனியாகவே எடை போட்டது.

சீனா இதே வழியில் இன்னும் வெகுதூரம் போனது. அங்கே இணைய விளையாட்டுகளுக்கான உண்மைப் பெயர்ப் பதிவு விதி 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2021இல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணையத்தில் விளையாடலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. உண்மைப் பெயர்ப் பதிவு இல்லாமல் இப்படி மணிக்கணக்கு பார்க்கவே முடியாது. ஒரு காரணத்துக்காகச் சேர்த்த பட்டியல் பிறகு இன்னும் பல காரணங்களுக்கு உதவும் என்பதை இது காட்டுகிறது.

பெயர் தெரிந்தால் மரியாதை வருமா?

கொரிய அனுபவம் இல்லை என்கிறது. வேறு சான்றும் உண்டு. சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் இணைய மனுக்களுக்கான ஒரு தளத்தில் எழுதப்பட்ட 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பெயரை மறைத்தவர்களைவிட உண்மைப் பெயரில் எழுதியவர்களே அதிகமாகச் சீறியிருந்தார்கள். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்புகிறவர் பெயரை மறைக்க வேண்டியதில்லை. பெயரோடு திட்டினால் தன் கூட்டத்தில் மதிப்புக்கூட உயரும். இன்று சமூக வலைத்தளங்களில் சொந்தப் பெயரும் குடும்பப் படமும் போட்டுக்கொண்டே அடுத்தவரைக் கேவலமாகத் திட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

பெரிய நிறுவனங்களும் இதை மெல்ல உணர்ந்தன. கூகுள் பிளஸ் 2011இல் தொடங்கியபோது உண்மைப் பெயர் கேட்டு, புனைபெயர்க் கணக்குகளை முடக்கியது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2014 ஜூலையில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. மேடைப் பெயரில் வாழும் கலைஞர்களின் கணக்குகளை முடக்கியதற்காக பேஸ்புக் நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் மன்னிப்புக் கேட்டது.

அப்படியானால் வசைபாடுகிறவர்களை என்ன செய்வது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1993இல் லாம்டாமூ என்ற எழுத்து உலகத்தில் ஒருவர் மற்றப் பாத்திரங்கள் மீது பாலியல் வன்முறைக் காட்சிகளை எழுதித் திணித்தார். யாருடைய உடம்பும் காயப்படவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் நிஜமாகவே அழுதார்கள். உறுப்பினர்கள் கூடி நீண்ட நேரம் விவாதித்தார்கள். முடிவில் நிர்வாகிகளில் ஒருவர் அந்தக் கணக்கை அழித்தார். அந்த ஆள் வேறு பெயரில் திரும்பி வந்ததாகவும் பிறகு தெரிந்தது. புனைபெயர் உலகின் பலமும் பலவீனமும் இந்த ஒரே சம்பவத்தில் இருக்கின்றன. ஒரு பெயரைத் தண்டிக்கலாம், ஆனால் புதிய பெயர் எடுப்பது சுலபம்.

பலவீனம் அங்கே இருக்கிறது என்றால் மருந்தும் அங்கேதான் இட வேண்டும். பெயர் எதுவாக இருந்தாலும் அதைத் தூக்கியெறிவது இழப்பாக இருக்க வேண்டும். பல ஆண்டு உழைத்து வளர்த்த பாத்திரம், வாங்கிய விளையாட்டுகள், சேர்த்த நண்பர்கள் எல்லாம் ஒரே கணக்கில் இருந்தால், அந்தக் கணக்கை இழக்க யாரும் விரும்பமாட்டார்கள். பிளிசார்டே கடைசியில் வந்து சேர்ந்தது இந்த இடத்துக்குத்தான். 2012இல் டையாப்லோ 3 வெளிவந்தபோது 'பேட்டில்டேக்' என்ற முறை பயன்பாட்டில் இருந்தது. தானே தேர்ந்தெடுத்த ஒரு பெயர், அதன் பின்னால் சில இலக்கங்கள். நிறுவனத்தின் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் அதே அடையாளம் தொடரும், ஆனால் அதை வைத்து யாரும் வீட்டு வாசலுக்கு வர முடியாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் 2011இல் இன்னொரு வழியைச் சோதித்தது. புகாருக்கு ஆளானவரின் உரையாடலை மற்ற ஆட்டக்காரர்களே படித்துப் பார்த்து, தண்டிக்கலாமா விட்டுவிடலாமா என்று வாக்களிக்கும் பஞ்சாயத்து அது. அங்கேயும் யாருடைய சொந்தப் பெயரும் தேவைப்படவில்லை. என்ன பேசினார் என்பது மட்டுமே தேவைப்பட்டது.

முடிவாக

உண்மைப் பெயர் கேட்டவர்களின் நோக்கம் தவறல்ல. வசைச் சொல் மனிதரைக் கொல்லும் என்பதைக் கொரியா நிஜமாகவே அனுபவித்தது. ஆனால் வழி தவறு. அந்த வழியில் போனபோது வசைபாடியவர் பெரிதாக எதையும் இழக்கவில்லை. அவர் திருடிய பெயரில் வந்தார், அல்லது வெளிநாட்டுத் தளத்துக்குப் போனார், அல்லது சொந்தப் பெயரிலேயே கூச்சமில்லாமல் திட்டினார். இழந்தவர்கள் சட்டத்தை மதித்து உண்மையைக் கொடுத்தவர்கள். மறைந்து வாழ்ந்த பெண், வேலை தேடிய மாணவர், மேப்பிள் ஸ்டோரி ஆடிய பள்ளிச் சிறுவன்.

இன்றும் பல நாடுகளில், குழந்தைகளைக் காக்கவும் வெறுப்புப் பேச்சைத் தடுக்கவும் என்று சொல்லி, அடையாள அட்டையைக் காட்டினால்தான் இணையத்தில் நுழையலாம் என்ற யோசனைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த யோசனை வரும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என்ன விவரம் கேட்கிறார்கள்? அதை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? அது களவுபோனால் கொடுத்தவருக்கு என்ன பதில்? மூன்றாவது கேள்விக்குச் சரியான பதில் இல்லாத இடத்தில், சொந்தப் பெயரைக் கொடுக்கத் தயங்குகிறவரைத் திருடனைப் போலப் பார்ப்பது நியாயமில்லை.